உரலுக்கும் ஓர் இடம்

பொருள்களைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்பது இன்று ஓர் அறநூல் கட்டளை போல ஆகிவிட்டது. ஓராண்டாகத் தொடாத பொருளை வெளியேற்று, இரண்டு வேலைக்கு உதவாத பொருளை உள்ளே விடாதே என்று இதற்குச் சூத்திரங்களும் உண்டு. அமெரிக்காவிலும் கனடாவிலும் காரின் பின்னால் கொக்கியில் மாட்டி இழுத்துச் செல்லும் டிராவல் டிரெய்லர் என்னும் சிறு வீட்டில் இவற்றை மிகக் கறாராகக் கடைப்பிடிக்கிறார்கள். அங்கே இடமும் எடையும் அளந்து பார்க்கப்படுவதால், அறவுரைக்கு இயற்பியலின் துணையும் கிடைத்துவிடுகிறது. அப்படி ஒரு வீட்டில் எட்டு நாள்கள் வாழ்ந்து பார்த்தவள் என்ற முறையில், இந்தச் சூத்திரங்களில் பாதி மெய், பாதி பிழை என்று எனக்குத் தோன்றுகிறது. எந்தப் பாதி மெய், எந்தப் பாதி பிழை என்று சொல்லிப் பார்க்கவே இக்கட்டுரை.

2023 ஆகஸ்டில், மினசோட்டா மாநிலத்தில் வாழும் என் தங்கையுடனும் அவள் கணவருடனும் சுப்பீரியர் ஏரியின் வடகரையோரம் பயணம் செய்தேன். டுலூத் நகரிலிருந்து 61ஆம் எண் நெடுஞ்சாலையில், வலப்புறம் ஏரியும் இடப்புறம் காடுமாகப் போகிற வழி. அவர்களது டிரெய்லர் பழையது. கண்ணாடியிழையால் ஆன, முட்டை வடிவத்துப் பதின்மூன்று அடி வண்டி. இந்த வடிவத்துக்கு ஒரு சுவையான வரலாறு உண்டு. கனடாவின் வின்னிபெக் நகரில் கண்ணாடியிழைக் கழிவுநீர்த் தொட்டியை வடிவமைத்த ரே ஒலெக்கோ என்பவர், அதே பொருளில் ஒரு வீட்டையே வார்க்கலாமே என்று எண்ணி 1968-இல் 'போலர்' என்ற வண்டியை உருவாக்கினார். தங்கையின் வண்டி அந்த மரபில் வந்தது. பதின்மூன்று அடி என்பது கொக்கியையும் சேர்த்து. உள்ளே நடமாட இருப்பது சுமார் பத்தடி நீளமும் ஆறரை அடி அகலமும்தான். அதற்குள் அடுப்பு, கழுவுதொட்டி, சிறு குளிர்பெட்டி, ஓர் உடையலமாரி, ஒரு மேசை, மூவருக்குப் படுக்கை.

எங்கள் ஊர் வீடுகளில் ஒரே கூடத்தில் உண்டு, படித்து, உறங்கி வளர்ந்தவர்களுக்கு இடநெருக்கடி புதிதன்று. ஆனால் அந்தக் கூடம் அசையாது, இது அசையும். வண்டி ஓடும்போது வீட்டுக்குள் ஒரு சிறு நிலநடுக்கம் இடைவிடாமல் நிகழ்கிறது. திருகிய மூடிகள் தாமே கழன்றுகொள்கின்றன. மேலே வைத்தது கீழே வரப் பார்க்கிறது. குளிர்பெட்டியைத் திறந்தால் தயிர் நம் மடியில் விழக் காத்திருக்கிறது. ஆகவே அங்கே ஒரு பொருளை 'வைத்தேன்' என்று சொன்னால் போதாது, 'பொருத்தினேன்' என்று சொல்ல வேண்டும்.

தங்கை இதை ஒரு கலையாகவே கற்றிருந்தாள். உருண்டை டப்பாக்களுக்கு இடமில்லை. அவற்றுக்கிடையே வீணாகும் மூலைகளில் இன்னொரு நாள் சமையலை அடக்கிவிடலாம் என்பாள். அரிசி, பருப்பு, ரவை எல்லாம் சதுரப் புட்டிகளில் இருந்தன. குக்கருக்குள் வாணலி, வாணலிக்குள் தோசைத் திருப்பியும் கரண்டிகளும். கண்ணாடிக் குப்பிகளுக்குக் கம்பளிக் காலுறை. அலமாரித் தட்டுகளில் வழுக்காத ரப்பர் விரிப்பு. பெருங்காயத்துக்கு மட்டும் டப்பாவுக்குள் டப்பா, அதற்குள் இன்னொரு டப்பா; இல்லாவிட்டால் போர்வையிலிருந்து பல்துலக்கி வரை அதன் மணம்தான். துணிகளுக்குப் பெட்டி கூடாது, பைதான் வேண்டும். பெட்டி தன் வடிவத்தை விட்டுக்கொடுக்காது. பை இடத்துக்கு ஏற்ப வளையும்.

இதைவிட நுட்பமானது காலக்கணக்கு. பகலில் மேசையாக இருப்பது இரவில் தாழ்ந்து படுக்கையாகிவிடும். எனவே மேசைமேல் இருக்கும் ஒவ்வொன்றுக்கும் பகலிடம் ஒன்றும் இரவிடம் ஒன்றும் வேண்டும். அது கரடிகள் நடமாடும் காடு. உண்பொருள் எதையும் இரவில் வெளியே விட்டு வைக்கக் கூடாது. நாங்கள் தங்கிய கூஸ்பெரி அருவிப் பூங்காவில் ஒவ்வொரு மாலையும் வெளிமேசையிலிருந்த எல்லாமே உள்ளே குடிபுகும். படுக்கை விரித்த பிறகு மிளகுத்தூள் டப்பா ஒன்று வெளியே அகப்பட்டுவிட்டால், அதை வைப்பதற்காக மூவரும் எழுந்து நிற்க வேண்டியிருக்கும்.

முதலிரண்டு நாள்கள் இந்த ஒழுங்கு முழுவதும் தங்கையின் தலைக்குள் மட்டுமே இருந்தது. சர்க்கரை எங்கே, கத்தரிக்கோல் எங்கே, கைவிளக்கு எங்கே என்று நாங்கள் இருவரும் மாறி மாறிக் கேட்டுக்கொண்டே இருந்தோம். அவள் ஏரியைப் பார்க்கவே இல்லை என்பதை மூன்றாம் நாள்தான் உணர்ந்தேன். அன்று மாலை உடையலமாரிக் கதவின் உட்புறம் ஒரு தாளை ஒட்டி, எது எங்கே என்று படமாக வரைந்தோம். இல்லறத்தின் ஒழுங்கு ஒரு பெண்ணின் நினைவில் மட்டும் சேமிக்கப்படுமானால், அந்த வீட்டில் மிகுந்த சுமையைத் தாங்குவது அச்சு அன்று, அவள்தான்.

அச்சைப் பற்றியும் சொல்ல வேண்டும். சூத்திரங்களின் மெய்யான பாதி அங்கேதான் இருக்கிறது. டிரெய்லரின் மொத்த எடையில் பத்திலிருந்து பதினைந்து விழுக்காடு முன்கொக்கியின்மேல் அழுந்த வேண்டும் என்பது பொதுவிதி. ஏற்றிய பின் 900 கிலோ என்றால் 90 முதல் 135 கிலோ. கனமானவற்றைப் பின்கோடியில் அடுக்கினால் கொக்கியின்மேல் அழுத்தம் குறையும். வேகத்தில் வண்டி வாலாட்டத் தொடங்கும். அந்த ஆட்டம் இழுக்கும் காரையே சாலையை விட்டுத் தள்ளக்கூடும். ஆகவே கனமானது கீழே, அச்சை ஒட்டி, இலேசானது மேலே. மேலலமாரியில் துண்டும் ரொட்டியும் அப்பளமும் இருக்கலாம்; அரிசி இருக்கக் கூடாது. ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ. நாற்பத்தைந்து லிட்டர் தொட்டியை நிரப்பிக்கொண்டு கிளம்பினால், ஒரு சிறுவனைக் கூடுதலாக ஏற்றிக்கொண்டதாக அர்த்தம். இதில் உணர்ச்சிக்கு இடமில்லை. எடை பொய் சொல்லாது.

தங்கையின் கணவர் பொறியாளர். புறப்படுவதற்கு முன்பு குளியலறை எடைக்கருவியை வாசலில் வைத்து ஒவ்வொரு பையையும் நிறுத்து எழுதினார். அப்போதுதான் கல்லுரல் வந்தது.

அது எங்கள் அம்மாவின் உரல். இஞ்சியும் மிளகும் தட்டுகிற சிறிய கருங்கல் உரல். குழவியோடு நாலரைக் கிலோ. அம்மா 2020 மே மாதம் இறந்தார். மார்ச் இறுதியிலேயே பன்னாட்டு விமானங்கள் நின்றுவிட்டிருந்தன. தங்கை அம்மாவின் முகத்தைக் கைப்பேசித் திரையில்தான் கடைசியாகப் பார்த்தாள். 2022-இல் ஊருக்கு வந்தபோது நகையையோ பட்டையோ கேட்கவில்லை. உரலைத் துணியில் சுற்றிப் பெட்டியின் நடுவில் வைத்து எடுத்துப் போனாள். அந்த உரலை இந்தப் பயணத்துக்கும் எடுத்து வைத்திருந்தாள். கணவர் சொன்னதில் தவறேதும் இல்லை. மிளகு பொடியாக இருக்கிறது, இஞ்சிக்குத் துருவி இருக்கிறது, இந்த நாலரைக் கிலோவுக்கு வேலை என்ன என்று கேட்டார். அவள் பதில் சொல்லவில்லை. என்னைப் பார்த்து, "அக்கா, நீயாவது சொல்லேன்" என்றாள். தமிழிலக்கியம் கற்பிக்கிறவளாகிய எனக்கும் அப்போது சொல்ல ஒரு சொல் அகப்படவில்லை.

நெடுஞ்சாலையில் போகும்போதுதான் பெரும்பாணாற்றுப்படை நினைவுக்கு வந்தது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் அதில் உப்பு வணிகரான உமணரின் வண்டியைக் காட்டுகிறார். சக்கரத்திலிருந்து தொடங்கி, வாயிலில் கோழி உறங்கும் கூடு வரை ஒன்றையும் விடவில்லை. இளம்பிடியின் முழந்தாள் போன்ற சிற்றுரல் அதில் தொங்குகிறது. காடி வைத்த கலம், ஆடுமகளிரின் முழவைப் போலக் கயிற்றால் இறுகப் பிணிக்கப்பட்டிருக்கிறது. கையில் குழந்தையுடைய ஒருத்தி எருதுகளை ஓட்டுகிறாள். வண்டியின் அடியில் மாற்று அச்சு ஒன்றையும் உமணர் கட்டிக்கொண்டு போவார்கள் என்பதைப் புறநானூற்றின் 102ஆம் பாட்டில் ஔவையார் உவமையாக்குகிறார். நம் கார்களின் மாற்றுச் சக்கரத்துக்குச் 'சேம அச்சு' எத்தனை பொருத்தமான முன்னோடி!

உமணரின் உரலையும் தங்கையின் உரலையும் ஒன்றென்று சொல்வது நேர்மையாகாது. அவர்களுடையது நினைவுப்பொருளன்று, அது இல்லாவிட்டால் அன்றைய உணவு இல்லை. தங்கையின் உரலோ பயனை இழந்து நினைவாகிவிட்ட பொருள். ஆயினும் புலவர் அந்த வண்டியை வியந்து பார்த்த விதத்தில் ஒரு பாடம் இருக்கிறது. இத்தனை பொருளா என்று அவர் கேட்கவில்லை. எது எதோடு எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று பார்த்தார். கயிற்றின் இறுக்கம் வரை பார்த்தார். எதைச் சுமப்பது என்ற கேள்வியை விடவும், சுமப்பதை எப்படிப் பிணித்துக்கொள்வது என்ற கேள்வி பழையது.

அமெரிக்க எழுத்திலும் இந்தக் கேள்வி தொடர்ந்து வந்திருக்கிறது. ஜான் ஸ்டைன்பெக் 1960-இல் தம் நாய் சார்லியுடன் நாட்டைச் சுற்றக் கிளம்பியபோது, டிரக்கின்மேல் பொருத்திய சிறு வீட்டில் 150 பவுண்டு புத்தகங்களை ஏற்றிக்கொண்டார். அதுவரை படிக்காதவை; இனியும் படிக்கப்போவதில்லை என்று அவரே கேலி செய்துகொண்ட புத்தகங்கள். அதே மனிதர், மூடியுள்ள ஒரு பிளாஸ்டிக் தொட்டியை நெகிழ்கயிற்றில் தொங்கவிட்டு, நீரும் சோப்பும் துணியும் இட்டு, வண்டியின் குலுக்கலையே சலவை இயந்திரமாக்கினார். வீண் சுமையும் அரிய சிக்கனமும் ஒரே வண்டியில் ஒரே ஆளிடம் இருந்தன.

ஜெசிகா ப்ரூடர் 2017-இல் வெளியிட்ட 'நோமேட்லேண்ட்' நூலின் தொடக்கத்தில், அறுபதைக் கடந்த லிண்டா மே என்ற பெண்மணி பத்தடி நீளமே உள்ள, 1974-இல் செய்யப்பட்ட ஒரு டிரெய்லரை இழுத்துக்கொண்டு வருகிறார். அதற்கு 'ஸ்க்வீஸ் இன்' என்று பெயர். விடுதி என்றும், நெருக்கியடித்து நுழை என்றும் இருபொருள்படும் சிலேடை. அவருக்கு அது விடுமுறை வண்டியன்று, வீடு. அந்நூலிலிருந்து குளோயி ஜாவோ 2020-இல் எடுத்த படத்தில், நெவாடாவின் எம்பயர் என்ற ஊரில் 2011-இல் ஜிப்சம் ஆலை மூடப்பட்டபின், ஃபெர்ன் என்ற கைம்பெண் ஒரு வேனில் வாழத் தொடங்குகிறாள். தந்தை சேர்த்துக் கொடுத்த பீங்கான் தட்டுகள் அவளுடன் வருகின்றன. குலுங்கும் வண்டியில் பீங்கான்! எந்தச் சூத்திரமும் அதை அனுமதிக்காது. ஒருவர் கைதவறி அவற்றை உடைத்துவிடும்போது அவள் சினந்து கத்துகிறாள். பின்பு தனியே அமர்ந்து ஒட்டவைக்கிறாள். படத்தின் முடிவிலோ, வாடகைக் கிடங்கில் வைத்திருந்த பொருள்களை விட்டுவிட்டு வருகிறாள். விடுவதும் ஒட்டுவதும் ஒருத்தியே செய்வதுதான்.

இங்கேதான் சூத்திரங்களின் பிழையான பாதி தென்படுகிறது. திரும்பிச் செல்ல வீடும் அதன் கீழ்த்தளம் நிறையப் பொருளும் இருக்கிற எங்களைப் போன்றவர்கள் எட்டு நாளைக்குக் குறைத்துக்கொள்வது ஒரு விளையாட்டு. வீட்டை இழந்து வண்டிக்கு வந்தவர்கள் குறைத்துக்கொள்வது வேறு. பயனில்லாததை எறி என்று இருவரிடமும் ஒரே குரலில் சொல்கிறவர்கள், பயன் என்பதை யார் அளப்பது என்று சொல்வதில்லை. எடையை எடைக்கருவி அளக்கும். பயனை அளக்கும் கருவி அந்தப் பொருளோடு வாழ்ந்தவரிடம்தான் இருக்கிறது.

ஆகவே என் கருத்து இது. ஒரு சிறு வீட்டில் ஏறுகிற ஒவ்வொருவருக்கும் பயன் என்ற தேர்விலிருந்து விலக்குப் பெற்ற பொருள் ஒன்று இருக்கலாம். இருக்க வேண்டும் என்றே சொல்வேன். ஆனால் எடை என்ற தேர்விலிருந்து அதற்கும் விலக்கு இல்லை. அதை நிறுக்க வேண்டும். அதற்கென ஓர் இடம் கண்டு, அசையாமல் பிணிக்க வேண்டும். அதற்காக வேறொன்றை இறக்கி வைக்க வேண்டும். அன்பு என்று சொல்லிவிட்டு மேலலமாரியில் உரலை வைப்பது அன்பாகாது. ஒருநாள் அது யாருடைய தலையிலாவது விழும்.

எங்கள் வண்டியில் நடந்ததும் அதுதான். தங்கை தன் இரண்டாவது காலணியையும் ஒரு தடித்த மேலங்கியையும் தானே இறக்கி வைத்தாள். கணவர் மறுபேச்சின்றி உரலை வாங்கி, பழைய துவாலையில் சுற்றி, அடுப்பு மேடைக்குக் கீழே தரையோடு தரையாக, அச்சை ஒட்டிய மூலையில் வைத்து, இருபுறமும் பருப்புப் புட்டிகளால் முட்டுக் கொடுத்தார். கனமானது கீழே, நடுவில் என்ற விதிப்படி அதற்கு வேறு இடமும் இல்லை. மூன்றாம் நாள் நாங்கள் வரைந்த படத்தில் அந்த மூலையில் 'அம்மா' என்று எழுதியவர் அவர்தான்.

எட்டு நாளில் அந்த உரலை ஒரே ஒரு முறைதான் வெளியே எடுத்தோம். ஏரிக்கரையில் மழை பெய்த ஒரு காலை, தேநீருக்கு இஞ்சி தட்ட. துருவியிலேயே செய்திருக்கலாம்தான்.