பெருமை போதாது: தொழில்முறை விளையாட்டாளரும் யாழ்ப்பாணச் சமூகமும்

யாழ்ப்பாணச் சமூகம் தன் விளையாட்டு வீரரைப் போற்றுவதில் பின்நின்றதில்லை. ஆயின், அப்போற்றுதல் எப்பொழுது தொடங்குகின்றது என்பதே வினா. வேற்றூரார் ஒருவர் அவ்வீரருக்கு ஊதியம் பேசி அழைத்த பின்னரே அது தொடங்குகின்றது. அதற்கு முன்னர் அவர் படிப்பைக் கெடுத்துக்கொண்டு பந்தோடு திரியும் பிள்ளை. அதன் பின்னர் மண்ணின் மைந்தர். இவ்விரு பெயர்களுக்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் அப்பிள்ளை எங்குப் பயின்றது, யார் செலவில் பயணஞ் செய்தது, காயமுற்றபோது யார் மருந்துக்குக் கொடுத்தார் என்பவற்றை இச்சமூகம் கேட்பதில்லை. கேளாத சமூகம் வெற்றியில் மாத்திரம் பங்கு கேட்பது நேர்மையாகாது.

விளையாட்டைத் தொழிலாகக் கொள்வோரில் உச்சியில் நிற்போர் மிகச் சிலர். எஞ்சியோர் இரண்டாம், மூன்றாம் நிலைக் கழகங்களிற் குறுங்கால ஒப்பந்தங்களோடு காலங்கழிப்போரே. வட அமெரிக்கப் பனி ஹொக்கியில் தேசிய ஹொக்கி லீக்கின் கீழ் அமெரிக்க ஹொக்கி லீக் உள்ளது. அங்கு ஆடும் பலர் ஒருநாளும் மேல்நிலையை எட்டுவதில்லை. எனினும், அவர்கள் தொழிலாளர் எனக் கணிக்கப்படுகின்றனர். 1967இல் தோன்றிய சங்கம் அவர்களுக்காக ஒப்பந்தம் பேசுகின்றது. கீழ்நிலைப் பேஸ்போல் வீரருக்கோ நெடுங்காலம் அத்தகைய சங்கம் வாய்க்கவில்லை. 2022இல் அவர்கள் ஒன்றுதிரண்டனர். 2023இல் முதலாவது கூட்டு ஒப்பந்தத்தைப் பெற்றபோது, அவர்தம் மேற்படியில் ஆடுவோரின் குறைந்தபட்ச ஆண்டு ஊதியம் 17,500 டொலரிலிருந்து 35,800 டொலராக உயர்ந்தது. தலைமுறை தலைமுறையாக எழுந்த கைதட்டல் செய்யாததை ஓர் ஒப்பந்தம் செய்தது. இவ்வுண்மையை மனத்திருத்தியே யாழ்ப்பாணத்தை நோக்குதல் வேண்டும்.

யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியின் மாணவர் விஜயகாந்த் வியாஸ்காந்த், 2020 டிசெம்பரில், தம் 19ஆவது பிறந்தநாளுக்கு முதல்நாள், லங்கா பிறீமியர் லீக்கில் அறிமுகமானார். அதன் பின்னர் பங்களாதேஷில் ஒரு கழகம், வளைகுடாவில் ஒரு கழகம் என அவருடைய தொழில் நகர்ந்தது. 2023இல் ஆசிய விளையாட்டு விழாவில் இலங்கைக்காக ஆடினார். 2024இல் வனிந்து ஹசரங்கவுக்குப் பதிலாக ஹைதராபாத் அணி அவரை 50 இலட்சம் இந்திய ரூபாவுக்கு ஒப்பந்தஞ் செய்தது. யாழ்ப்பாணம் மகிழ்ந்தது; மகிழ்ச்சி இயல்பானதே. அவ்வாண்டின் இறுதியில் அந்த அணி தக்கவைத்த ஐவருள் அவர் பெயர் இல்லை. அதனை எத்தனை பேர் கவனித்தனர்? பருவத்துக்குப் பருவம் பதிலாளாகக் காத்திருப்பதும், அழைப்பு வந்தால் புறப்படுவதும், அது முடிந்தால் மீள்வதுமே இத்தொழிலின் மெய்யான வடிவம். சுவரொட்டியில் அது தெரிவதில்லை.

தர்ஜினி சிவலிங்கத்தின் வரலாறு இதனினுங் கூர்மையானது. அன்பாற் போற்றப்பட வேண்டிய இவ்வலைப்பந்தாட்ட வீராங்கனை யாழ்ப்பாணத்திற் பிறந்து, போர்க்காலத்தில் வளர்ந்தவர். 2009இலும் 2018இலும் ஆசியக் கிண்ணம் வென்ற இலங்கை அணிகளில் ஆடினார். தம் 40ஆவது வயதில், 2019 உலகக் கிண்ணத்திலும் பந்தெறிந்தார். ஆயினும், விளையாட்டாளராகவே வாழ்வதற்கு அவர் அவுஸ்திரேலியா செல்ல நேர்ந்தது. அங்கும் அவர் ஆடியது உச்ச லீக்கில் அன்று. விக்ரோரிய மாநில லீக்கிலேயாம். அந்நாட்டின் இரண்டாம் நிலைக் கழகமொன்று கொடுக்கக்கூடிய இடத்தை, ஆசியாவை வென்ற வீராங்கனைக்கு அவர் பிறந்த மண் கொடுக்கவில்லை.

யாழ்ப்பாணத்தின் பெயரைச் சுமந்த அணியின் கதையோ முரண்நகை நிறைந்தது. 2020 முதல் 2024 வரை நடைபெற்ற ஐந்து லங்கா பிறீமியர் லீக் தொடர்களில் நான்கை அவ்வணியே வென்றது. அத்தொடர்களின் ஆட்டங்கள் அம்பாந்தோட்டை, கொழும்பு, கண்டி, தம்புள்ளை ஆகிய இடங்களில் நிகழ்ந்தன. யாழ்ப்பாணத்தில் ஓர் ஆட்டமேனும் நிகழவில்லை. பெயர் இங்கிருந்து சென்றது. ஆட்டமும் வேலையும் வருவாயும் வேறிடத்தில் நின்றன. 2025 செப்ரெம்பரில் மண்டைதீவில் சர்வதேச மைதானத்துக்கான பணி தொடக்கி வைக்கப்பட்டது. நல்லது. ஆயின், கட்டடம் வேறு, தொழில் வேறு. ஆண்டு முழுவதும் ஊதியத்தோடு ஆடும் கழகம் இல்லாத ஊரில் மைதானம் விழாக்களுக்கான முற்றமாகவே எஞ்சும்.

இதற்கு மறுமொழியாகக் கூறப்படுவது ஒன்றே: விளையாட்டு நிச்சயமற்றது; கல்வியே சோறு போடும். போரால் யாவும் இழந்த மக்கள் கல்வியைப் பற்றி நின்றமை போற்றத்தக்கதே. ஆனால், 2017இல் யாழ்ப்பாணக் கச்சேரிக்கு முன்னால் வேலை கேட்டுத் தொடர் போராட்டம் நடத்தியோர் யாவர்? பட்டதாரிகள். பட்டத்துக்கு வேலையில்லாதபோது பட்டத்தைக் கைவிடுமாறு எவரும் கூறவில்லை. வேலையைத் தருமாறே கேட்டனர். அதே நியாயம் விளையாட்டாளருக்கு ஏன் மறுக்கப்படுகின்றது? நிச்சயமின்மை ஒரு தொழிலை விலக்குவதற்கான காரணமன்று; அதற்குப் பாதுகாப்புத் தேடுவதற்கான காரணமாகும்.

1904 முதல் நிகழும் வடக்கின் பெருஞ்சமருக்குப் பழைய மாணவர் கடல் கடந்தும் பணம் அனுப்புகின்றனர். மூன்று நாட் கொண்டாட்டத்துக்குச் செலவிடும் சமூகத்தால், பாடசாலையை விட்டு வெளியேறும் வீரருக்கு மூன்றாண்டு உதவு தொகை வழங்க இயலாதா? பயிற்றுநருக்கு நிலையான சம்பளம், காயத்துக்குக் காப்புறுதி, ஒப்பந்தத்தைப் படித்து விளக்கும் ஒரு சட்டத்தரணி, ஆட்டம் முடிந்த பின்னர் கல்வியைத் தொடர ஒரு வாயில் — இவை பெருங்கனவுகள் அல்ல. இவற்றுள் இறுதியானது பல்கலைக்கழகத்தின் கையில் உள்ளது. இருபத்தைந்து வயதில் ஆடுகளத்தை விட்டு வருபவரை ஏற்கும் கல்வி ஒழுங்கை அது ஆக்குமாயின், பதினாறு வயதுப் பிள்ளையின் கையிலிருந்து பந்தைப் பறிக்கும் பெற்றோரின் அச்சம் பாதி தணியும்.

மாலை சூட்டுவோர் போதிய அளவு உளர். ஊதியம் பேசுவோரே இல்லை. உச்சியை எட்டாதவரும் மதிப்போடு பிழைக்கும் வழியை யாழ்ப்பாணம் உண்டாக்கும் வரை, உச்சியை எட்டியவரைத் தன்னவர் என்று கூறும் உரிமை அதற்குக் கடனாகவே இருக்கும்.