படம் திருத்துவோர்க்கு ஏற்ற திரை

2009 ஆம் ஆண்டின் இடப்பெயர்வில் வீட்டோடு புகைப்படத் தொகுப்பையும் இழந்த குடும்பங்கள் வன்னியிலே பல. மழையில் நனைந்து, மடிப்பு விழுந்து எஞ்சிய ஒற்றைப் படத்தைக் கொணர்ந்து, “தம்பி, அம்மாவின்ரை முகத்தைக் கொஞ்சம் தெளிவாக்கித் தா” என்று கேட்போர் இன்றும் உளர். கேட்கப்படுபவர் பெரும்பாலும் கணினி பயிலும் மாணவரே. அத்தகையோர் குறைந்த விலையில் எத்திரையை வாங்கலாம் என நம்மை வினவுவதுண்டு.

படத்தைத் திருத்துபவர் தம் கண் காண்பதை நம்பியே நிறத்தைக் கூட்டுகின்றார், குறைக்கின்றார். திரை நீலத்தை மிகுத்துக் காட்டுமாயின் அவர் மஞ்சளைக் கூட்டுவார். அச்சிலே அன்னையின் மாநிற முகம் காமாலை கண்டதுபோல் வந்து நிற்கும். ஆதலின் திரையின் பருமனை நோக்குமுன் அதன் பெனல் வகையை நோக்குக. ரி.என். வகை மலிவானது, ஆயினும் தலையைச் சற்று உயர்த்தினாலே நிறம் மாறிவிடும். ஐ.பி.எஸ். வகையிலோ பக்கத்தில் நின்று பார்ப்பினும் நிறம் பெரிதும் மாறுவதில்லை. முன்னர் விலையுயர்ந்த திரைகளிலேயே காணப்பட்ட இவ்வகை இன்று மலிவானவற்றிலும் உண்டு.

அடுத்தது எஸ்.ஆர்.ஜி.பி. எனும் அளவு. 1996 இல் ஹியூலெற் பக்கார்ட், மைக்ரோசொவ்ற் ஆகிய நிறுவனங்கள் வகுத்த நிற எல்லை இது; படம் அச்சிடும் நிலையங்கள் பெரும்பாலும் இதனையே கைக்கொள்கின்றன. விபரத்தாளில் 99 வீதம் என்றிருந்தால் நன்று. “45 வீதம் என்.ரி.எஸ்.சி.” என்று கண்டால் விலகுக, அத்திரையில் செந்நிறம் வெளிறியே தோன்றும். “72 வீதம் என்.ரி.எஸ்.சி.” என்பதோ முழு எஸ்.ஆர்.ஜி.பி. அளவுக்கு ஏறத்தாழ ஒப்பாகும். எண் சிறிதென்று மயங்கற்க.

24 அங்குலமும் 1920க்கு 1080 புள்ளிகளும் தொடக்கத்துக்குப் போதும். 144 ஹேர்ட்ஸ் வேகம் விளையாடுவோர்க்கு உரியது; அதற்காகப் பணம் கொடுப்பது வீண். 2022 இல் ரூபாவின் மதிப்புச் சரிந்தபின் இறக்குமதிப் பொருளின் விலை யாவரும் அறிந்ததே. எனவே அலுவலகங்களில் பாவித்துக் கழித்த ஐ.பி.எஸ். திரையையும் நாம் இழிவாகக் கருதுவதில்லை. முழுச் சாம்பல் நிறப் படமொன்றைத் திரையில் இட்டு, மூலைகள் மஞ்சளித்துள்ளனவா என்று மட்டும் பார்த்துக்கொள்க.

புதிய திரைகள் கடையிலிருந்து வரும்போது கண்கூசும் ஒளியோடு வருகின்றன. அவ்வொளியில் திருத்திய படம் அச்சிலே கறுத்துவிடும். பழி அச்சிட்டவர்மேல் விழும். திரையின் வெண்மை அருகில் வைத்த வெள்ளைத்தாளின் வெண்மையை ஒக்கும்வரை ஒளியைக் குறைத்து, நிறவெப்பத்தை 6500 கெல்வினில் நிறுத்துக. வன்னி வெயில் யன்னல் வழியே திரையில் விழவும் விடலாகாது. இன்னொன்று: சிலர் முகமெல்லாம் வெளுப்பாக்கித் தருகின்றனர். படம் திருத்துவது வேறு, சுவருக்கு வெள்ளையடிப்பது வேறு.

கடைக்குச் செல்லும்போது, நன்கு அச்சான குடும்பப் படமொன்றையும் அதன் மூலப்பிரதியைப் பென்டிரைவிலும் எடுத்துச் செல்க. திரையில் விரித்து, அச்சுப் படத்தைப் பக்கத்தில் பிடித்து, ஆடையை விட்டு முகத்தை ஒப்பிடுக.