சுட்ட கைக்கு முதலில் தண்ணீர்

அடுப்பங்கரையில் அடிக்கடி நிகழ்வதுதான். உலைப்பானையைச் சாய்த்துக் கஞ்சி வடிக்கையில் பிடிதுணி நழுவுகிறது. கொதிகஞ்சி கையில் கொட்டிவிடுகிறது. “ஐயோ!” என்ற குரல் கேட்டதும் வீட்டார் ஆளுக்கொரு திசையில் ஓடுகின்றனர். ஒருவர் மைப்புட்டியுடன் வருகிறார். ஒருவர் இட்லி மாவுடன் வருகிறார். மற்றொருவர் பற்பசையுடன் வருகிறார். அவர்களுள் அன்பில்லாதவர் எவருமில்லை. ஆயினும் அந்நேரத்தில் தேவையான ஒன்றை மட்டும் எவரும் நாடுவதில்லை. அது தண்ணீர்.

பல ஆண்டுகளுக்கு முன் எங்கள் தெருவில் மூன்று வயதுக் குழந்தையொன்று, தரையில் இறக்கி வைத்திருந்த ரசச் சட்டியை இழுத்துத் தன் மார்பில் கவிழ்த்துக்கொண்டது. பதறிப்போன பாட்டியார் புண் முழுவதும் மையைப் பூசினார். மருத்துவரோ, புண்ணின் ஆழத்தைக் காண இயலாமல் அந்த மையைக் கழுவி அகற்ற வேண்டியதாயிற்று. அப்போது குழந்தை துடித்த துடிப்பைப் பாட்டியார் கடைசிவரை மறக்கவில்லை. “நல்லதென்று எண்ணித்தானே பூசினேன்!” என்று சொல்லிச் சொல்லி வருந்துவார். அவரைக் குறைகூறிப் பயனென்ன? அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஆகவே, இம்மாதம் அதையே பேசுவோம்.

கொதிநீர் பட்ட இடத்தை விட்டு வழிந்தோடிய பின்னரும் அதன் வெப்பம் தோலுக்குள் தங்கி, உள்ளிருக்கும் தசையை நோக்கி இறங்கிக்கொண்டே இருக்கும். எண்ணெயோ, நெய்யோ, மாவோ பூசினால் அவ்வெப்பத்தை உள்ளேயே மூடி வைக்கிறோம். பனிக்கட்டியும் ஆகாது, அது இரத்த நாளங்களைச் சுருக்கி, வெந்த தோலை மேலும் கெடுக்கும். குழாய்த் தண்ணீரே போதும். சுட்ட இடத்தின்மேல் 20 நிமிடம் மெல்ல ஓடவிடுங்கள். குழாய் இல்லாவிடில், குடத்து நீரைச் சொம்பால் முகந்து ஊற்றிக்கொண்டே இருங்கள். 2 நிமிடத்தில் எரிச்சல் தணிந்ததென்று நிறுத்திவிட வேண்டாம். கடிகாரத்தைப் பார்த்துச் செய்யுங்கள். உடனே செய்ய இயலாமற் போனாலும், 3 மணி நேரத்திற்குள் செய்தால் பயனுண்டு. குழந்தையாயின், புண்ணை மட்டும் நனைத்து, உடலின் மற்றப் பகுதியைத் துணியால் போர்த்தி வையுங்கள். உடல் நடுங்கத் தொடங்கினால் நிறுத்திவிடுங்கள்.

நீர் ஊற்றும்போதே வளையல், மோதிரம், அரைஞாண் ஆகியவற்றைக் கழற்றிவிடுங்கள். வீக்கம் கண்டபின் அவை கழலா. நனைந்த ஆடையையும் அகற்றுங்கள். தோலோடு ஒட்டிக்கொண்ட துணியை மட்டும் இழுக்க வேண்டாம். பின்னர், துவைத்து உலர்த்திய மெல்லிய பருத்தித் துணியால் புண்ணைத் தளர்வாக மூடுங்கள். கொப்புளத்தை உடைக்காதீர்கள், கிருமி உட்புகாமல் காக்க இயற்கை இட்ட கட்டு அது.

அப்படியாயின் கைவைத்தியமே கூடாதா என்று கேட்பீர்கள். கொப்புளமின்றித் தோல் சிவந்து மட்டும் இருந்தால், நீரால் குளிர்வித்த பிறகு, மஞ்சள் நிறப் பால் போகக் கழுவிய சோற்றுக் கற்றாழையின் உட்சோற்றைத் தடவலாம், எரிச்சல் தணியும். தோல் உரிந்த புண்ணில் அதுவும் வேண்டாம். தேனும் வாழையிலையும் மருத்துவமனைகளில் தீப்புண்ணுக்குப் பயன்பட்டதுண்டு. ஆனால் அவை கிருமி நீக்கப்பட்டவை; நம் வீட்டுப் புட்டித் தேனும் கொல்லை வாழையும் அத்தகையன அல்ல.

எப்போது மருத்துவரிடம் செல்வது? விரல்களோடு சேர்ந்த ஒருவரது உள்ளங்கை, அவரது உடற்பரப்பில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு. காயம் அவ்வளவுக்கு மேற்பட்டாலும், முகம், கை, பாதம், மூட்டு, மறைவிடம் ஆகியவற்றில் பட்டாலும், மின்சாரத்தால் நேர்ந்தாலும் தாமதிக்கலாகாது. கைக்குழந்தைகளுக்கும் முதியோர்க்கும் சிறு கொப்புளமாயினும் காட்டிவிடுவதே நன்று. மேலும் ஒன்று: சுட்ட இடம் வெளுத்தோ கருகியோ இருந்து, வலியே இல்லையென்றால் மகிழ வேண்டாம். உணர்வு நரம்புகளும் வெந்துவிட்டன என்பதே அதன் பொருள். அத்தகைய நேரத்தில் 108 எண்ணை அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை தண்ணீர் ஊற்றுங்கள். தடுப்பூசி போட்டு நெடுநாளாகியிருந்தால் இரண ஜன்னிக்கான ஊசி தேவையா என்பதையும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வெற்றிலைச் சுண்ணாம்பு குழந்தையின் கண்ணில் தெறித்தாலும் முதல் மருந்து தண்ணீரே. இமையை விரித்துப் பிடித்து, நீரை இடைவிடாது ஊற்றிக் கழுவியபின் கண் மருத்துவரிடம் விரையுங்கள். ஆடையில் தீப்பற்றினால் ஓடவேண்டாம். ஓடினால் தீ வளரும். உடனே தரையில் படுத்து உருள வேண்டும். அருகிலிருப்போர் கனத்த போர்வையால் மூடி அணைக்க வேண்டும்.

இன்று மாலை ஒரு சிறு வேலை செய்யுங்கள். தரையில் வைக்கும் குழம்புச் சட்டியைப் பிள்ளைகளுக்கு எட்டாத மேடைக்கு மாற்றுங்கள். கல்லறைத் திருநாளன்று மெழுகுவர்த்தி ஏற்றும்போது சிறுமியரின் தாவணியைச் செருகிவிடுங்கள். இரவு உணவின்போது பிள்ளைகளிடம், “கை சுட்டால் முதலில் என்ன செய்வாய்?” என்று கேளுங்கள். “தண்ணீர், 20 நிமிடம்” என்று அவர்கள் விடை சொல்லும்வரை விடாதீர்கள். வீட்டில் பெரியவர் எவரும் இல்லாத வேளையில், தம்பியின் கையைக் குழாயடிக்கு இழுத்துச் செல்லப் போவது அந்தப் பிள்ளையாகவும் இருக்கலாம்.