ஒரே பெட்டி, முழு ரயில்

மாடல் ரயில் வைக்க ஆசைப்படும் நம்மூர்க்காரர்கள் முதலில் கேட்பது, "எந்த எஞ்சின் வாங்கலாம், எத்தனை பெட்டி மாட்டலாம்?" என்றுதான். என் கட்சி வேறு. மூன்று வருஷத்துக்கு ஒரு டிரான்ஸ்ஃபர், இரண்டு ரூம் குவார்ட்டர்ஸ் என்று வடக்கே காலம் தள்ளும் நமக்கு எஞ்சினே வேண்டாம். தானே ஓடும் ரயில்கார் ஒன்று போதும். கால்கா - சிம்லா பாதையில் ஓடிய ரயில் மோட்டார் காரைப் பார்த்தவர்களுக்கு இது எந்த ஜாதி வண்டி என்று புரியும்.

கடன் விண்ணப்பம் மாதிரி கணக்குப் போட்டுப் பார்ப்போம். எச்ஓ அளவில் (1:87) எஞ்சினும் மூன்று நீளப் பெட்டிகளும் நிற்க ஒரு மீட்டருக்கு மேல் பிளாட்பாரம் வேண்டும். கடைசி ஸ்டேஷனில் எஞ்சினைக் கழற்றி மறுமுனையில் மாட்ட இன்னொரு தண்டவாளம் வேண்டும். ரயில்காருக்கு இந்தத் தொல்லை எதுவும் கிடையாது.

அதிலும் எது? கடைகளில் அதிகம் கண்ணில் படுபவை அமெரிக்க வண்டிகள்தான். 1920களின் 'டூடுல்பக்' பெட்ரோல் எஞ்சினில் மின்சாரம் தயாரித்து ஓடியது. பார்க்க அழகு. ஆனால் பலவற்றில் ஒரு முனையில்தான் டிரைவர் அறை. திருப்ப டர்ன்டேபிள் வைக்க வேண்டும்.

என் ஓட்டு பட் கம்பெனி 1949இல் கொண்டுவந்த ஆர்டிசிக்கு. துருப்பிடிக்காத எஃகு உடம்பு, தரைக்கடியில் தலா 275 குதிரைத்திறனில் இரண்டு டீசல் எஞ்சின், இரு முனையிலும் டிரைவர் அறை. ஆர்டிசி-1இல் சுமார் 90 சீட், அவ்வளவுதான். ஆர்டிசி-3இல் சீட் 48தான், ஆனால் தபால் அறையும் லக்கேஜ் அறையும் உண்டு. வீட்டில் ஓட்ட 3தான் சரி. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் அதற்கு ஏதாவது வேலை இருக்கும், பிள்ளைகளுக்கும் அலுக்காது.

ஒரே சிக்கல் நீளம். அசல் 85 அடி. எச்ஓவில் கிட்டத்தட்ட 30 செ.மீ. 18 அங்குல ஆர வளைவில் அசிங்கமாகத் தொங்கும், தடம் புரளவும் செய்யும். 22 அங்குலம் என்றால் நாலடிப் பலகை கேட்கும். தங்கமணி கேட்பது கட்டில் எங்கே போடுவது என்று! அதனால் என் அளவு (1:160) எடுங்கள். வண்டி 16 செ.மீ.தான், இரண்டரை அடி அகலப் பலகையில் வட்டமே போடலாம்.

வாங்குமுன் மூன்றைப் பாருங்கள். எட்டுச் சக்கரமும் மின்சாரம் எடுக்கிறதா? ஒற்றைப் பெட்டி, தண்டவாளத்தில் தூசி இருந்தால் நின்றுவிடும். ஜன்னல் வழியே மோட்டார் துருத்தித் தெரிகிறதா? மோட்டாரே இல்லாத 'டம்மி'யும் விற்கிறார்கள். விலை குறைவாக இருந்தால் பெட்டியில் எழுதியிருப்பதைப் படியுங்கள். சுங்க வரியையும் கூரியர் செலவையும் விலையோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஜூனியர் பத்தாவதுக்குள் நாலு ஸ்கூல் பார்த்துவிட்டான். ஒவ்வொரு முறையும் நண்பர்களை விட்டுவிட்டுத்தான் வந்தான். அறையை அடைத்த பெரிய லேஅவுட்டாக இருந்தால் பேக்கர்ஸ் வரும் அன்று அதையும் உடைத்திருப்போம். இந்த வண்டி டிபன் டப்பா அளவு. பலகை பீரோவுக்குப் பின்னால் நிற்கும். புது ஊரில் ஸ்கூல் திறப்பதற்குள் ஓட்ட ஆரம்பித்துவிடலாம்.