மூளை திருடிய கதையும் ரசிகர் தீர்ப்பும்

1966ஆம் ஆண்டு அமெரிக்கத் தொலைக்காட்சியில் தோன்றி, மூன்று பருவங்களில் 79 அத்தியாயங்களாக விரிந்த ‘ஸ்டார் ட்ரெக்’ தொடரின் ரசிகர்களை நோக்கி, அதன் மிக மட்டமான கதை யாதென வினவினால், பலரும் சிறிதும் தயங்காது ‘ஸ்பாக்ஸ் பிரெயின்’ என்றே விடை பகர்வர். மூன்றாம் பருவத்தின் ஆரம்பமாக 1968 செப்டம்பரில் வெளிவந்த அதில், அயற்கிரகப் பெண்ணொருத்தி தொடரின் முதன்மைப் பாத்திரங்களுள் ஒருவரான ஸ்பாக்கின் மூளையைக் களவாடிச் செல்ல, மூளையற்ற அவரது தேகம் கையடக்கக் கருவியொன்றின் பொத்தான்களுக்குப் பணிந்து நடமாடுவதைக் கண்டு நகைக்காதிருத்தல் அரிது.

ஆயினும், அப்பருவம் முழுவதையுமே அந்நகைப்பில் அடக்கிவிடுதல் நியாயமன்று என்பது என் அபிப்பிராயம். ரசிகர்கள் கடிதங்களைக் குவித்து, நிறுத்தப்படாமல் காப்பாற்றிய தொடரை, அதை ஒளிபரப்பிய என்பிசி நிறுவனம் வெள்ளிக்கிழமை இரவு 10 மணிக்குத் தள்ளியது, செலவுத்தொகை சுருங்கியது, மூலகர்த்தாவான ஜீன் ராடன்பெரி அன்றாடப் பொறுப்பினின்றும் ஒதுங்கினார். இத்தனை தரித்திரத்திலும், முகத்தின் எப்பாதி கறுப்பு, எப்பாதி வெள்ளை என்பதன் பொருட்டே இருவர் தீராப் பகை கொள்ளும் கதையைத் துணிந்து படைத்ததும் அப்பருவமே. அதில் உபதேசம் உரத்து ஒலிக்கிறது என்னும் குறை மெய்யே. எனினும் உயர்ந்த லட்சியத்தை எட்ட முயன்று வழுவிய கதை வேறு, அசிரத்தையால் வீழ்ந்த கதை வேறு. முன்னதை மதித்துப் பின்னதை நகையாடும் விவேகமே உண்மையான ரசிகனின் லக்ஷணமாகும்.