ஆள் இருந்தும் அனாதையான கப்பல்!

தூத்துக்குடியிலிருந்து வாசகி ஒருவர் வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பியிருக்கிறார். “என் தம்பி கப்பல்ல வேலை பாக்குறான் சார். ஏதோ ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்துல ‘அபாண்டன்ட் ஷிப்’ நிக்குதுன்னு நியூஸ்ல காட்டுனாங்க. தம்பி கப்பல் இல்ல, வேற கப்பல். ஆனா உள்ள ஆளுங்க இருக்காங்களாம். ஆள் இருக்கிற கப்பலை எப்படிக் கைவிடப்பட்ட கப்பல்னு சொல்றாங்க? ‘டெரிலிக்ட்’னு ஒரு வார்த்தை இருக்கே, அதுவும் இதுவும் ஒண்ணா?”

அருமையான கேள்வி. இரண்டும் ஒன்றில்லை. அந்த வித்தியாசத்தில் பல குடும்பங்களின் சாப்பாடே அடங்கியிருக்கிறது. முதலில் டெரிலிக்ட்.

லத்தீன் வீட்டுப் பிள்ளைகள்

‘லிங்க்வெரே’ என்றால் லத்தீனில் ‘விட்டுச் செல்வது’. அதன் முன்னே ‘டி’, ‘ரி’ என இரண்டு ஒட்டுகளைச் சேர்த்தால், முழுக்க முழுக்க விட்டுவிட்டுப் போவது. அப்படி விடப்பட்டதுதான் டெரிலிக்ட். 17-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் வந்த சொல் இது.

இதற்கு உடன்பிறப்புகள் உண்டு. உரிமையை விட்டுக்கொடுப்பது ‘ரெலின்க்விஷ்’. புனிதர்கள் விட்டுச்சென்ற எச்சம் ‘ரெலிக்’. பழைய ஆங்கிலப் பத்திரங்களில், இறந்த கணவரின் பெயரைப் போட்டு, அவருடைய ‘ரெலிக்ட்’ என்று எழுதியிருப்பார்கள். விட்டுச் செல்லப்பட்டவள், அதாவது அவருடைய விதவை என்று அர்த்தம். படிக்கவே சங்கடமாக இருக்கிறது, இல்லையா?

ஆபீஸ் மெமோவில் ‘டெரிலிக்‌ஷன் ஆஃப் டியூட்டி’ என்று வருகிறதே, அதுவும் இந்த வீட்டுப் பிள்ளைதான். கடமையை நடுக்கடலில் விட்டுவிட்டு வந்துவிட்டீர்கள் என்கிறார்கள்!

கடலே கைவிட்ட ஊர்

டெரிலிக்‌ஷனுக்கு சட்டத்தில் இன்னொரு பொருளும் உண்டு. கடல் பின்வாங்கி, அது இருந்த இடம் தரையாகிவிட்டால் அதற்கும் இதே பெயர்தான். இங்கே கைவிட்டுப் போவது மனிதர் அல்ல, கடல்.

இதற்கு உதாரணம் தேடி எங்கேயும் போக வேண்டாம். தூத்துக்குடிக்குத் தெற்கே இருக்கும் கொற்கைக்குப் போனால் போதும். பாண்டியர்களின் முத்துத் துறைமுகமாக இருந்த ஊர். தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய மண்ணால் கடல் தள்ளிப்போக, இன்று கரையிலிருந்து பல கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. கொற்கைக்குப் பிறகு காயல். காயலும் தூர்ந்த பிறகு தூத்துக்குடி. முத்து வணிகம் கடலைத் துரத்திக்கொண்டே போயிருக்கிறது.

காலியாக இருந்தால் போதுமா?

கப்பலுக்கு வருவோம். ஆள் இல்லாத கப்பலெல்லாம் டெரிலிக்ட் ஆகிவிடாது. இந்தியாவின் 1958-ஆம் வருட வணிகக் கப்பல் சட்டம், சிதைவுப் பொருட்களின் பட்டியலில் ஒரு கப்பலையும் சேர்த்தது. மீட்கும் நம்பிக்கையோ எண்ணமோ இல்லாமல் கைவிடப்பட்ட கப்பல். கப்பலிலிருந்து இறங்கினால் மட்டும் போதாது, மனசும் இறங்கியிருக்க வேண்டும்!

‘சீமேன் கார்டு ஓஹாயோ’ என்ற கப்பல் உங்களுக்கு நினைவிருக்கும். கடற்கொள்ளையரிடமிருந்து கப்பல்களைக் காக்கும் ஆயுதக் காவலர்கள் இருந்த கப்பல். 2013 அக்டோபரில் அதைத் தூத்துக்குடி துறைமுகத்துக்குக் கொண்டுவந்து, 35 பேரைக் கைது செய்தார்கள். 2016 ஜனவரியில் தூத்துக்குடி நீதிமன்றம் 5 ஆண்டு சிறைத்தண்டனை விதித்தது. 2017 நவம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை எல்லோரையும் விடுதலை செய்தது. கைதானவர்கள் இல்லாமல் கப்பல் துறைமுகத்தில் நின்றதே, அது டெரிலிக்ட்டா? இல்லை. அவர்கள் அதைக் கைவிடவில்லை. இறக்கிக் கொண்டுபோகப்பட்டார்கள்.

உண்மையான டெரிலிக்ட் என்றால் உலகம் சொல்லும் பெயர் ‘மேரி செலஸ்ட்’. 1872 டிசம்பரில் அட்லான்டிக் கடலில் பாய்களோடு தானாக மிதந்து வந்தது. உள்ளே சாராயப் பீப்பாய்கள் இருந்தன. கேப்டன், மனைவி, குழந்தை, மாலுமிகள் என 10 பேரைக் காணவில்லை. ஒருவரும் கடைசிவரை கிடைக்கவில்லை.

சரி, நடுக்கடலில் அப்படி ஒரு கப்பலைப் பார்த்தால் கண்டெடுத்தவருக்கே சொந்தமா? சினிமாவில் வேண்டுமானால் இருக்கலாம். சட்டப்படி அதிகாரியிடம் சொல்ல வேண்டும். உரிமையாளருக்கு உரிமை கோர அவகாசம் உண்டு. மீட்டவருக்குக் கிடைப்பது மீட்புக் கூலி மட்டுமே.

அபாண்டன் என்றால்?

இது பிரெஞ்சுக்காரர்கள் கொடுத்த சொல். ‘ஆ பாண்டோன்’ என்றால் ஒருவரின் அதிகாரத்துக்கு உட்பட்டு என்று பொருள். அதிலிருந்து வந்த அபாண்டன், ஆரம்பத்தில் ‘இன்னொருவர் பிடியில் ஒப்படைத்துவிடுவது’. பிறகுதான் ‘அம்போவென விட்டுவிடுவது’ என்று மாறியது.

கப்பல் மூழ்கப்போகிறது என்றால் ‘அபாண்டன் ஷிப்’ என்று கேப்டன் உத்தரவிடுவார். அங்கே மனிதர்கள் கப்பலைக் கைவிடுகிறார்கள். இன்று செய்திகளில் வருவது நேர்மாறு. முதலாளி கப்பலையும் அதில் உள்ள மனிதர்களையும் சேர்த்துக் கைவிடுகிறார். நம் வாசகி கேட்ட கேள்விக்கு இதுதான் பதில். ஆள் இருக்கும்போதே கப்பல் அனாதையாகிவிடுகிறது.

கடன் கழுத்தை நெரிக்கும்போது, சில முதலாளிகள் போனை எடுப்பதை நிறுத்திவிடுகிறார்கள். டீசல் தீரும், ஜெனரேட்டர் நிற்கும், குடிதண்ணீர் குறையும். ‘இறங்கி வந்துவிட வேண்டியதுதானே?’ என்று நாம் கேட்கலாம். விசா இருக்காது, டிக்கெட்டுக்குப் பணம் இருக்காது. பல துறைமுகங்களில், பாதுகாப்புக்கு ஆள் இல்லாமல் கப்பலை விட்டுப் போக அனுமதிக்கவும் மாட்டார்கள். இறங்கிவிட்டால் சம்பள பாக்கி போய்விடுமோ என்ற பயம் வேறு.

இது தூர தேசத்துக் கதை மட்டுமில்லை. 2012 அக்டோபர் 31, நீலம் புயல். சென்னைக்கு வெளியே நங்கூரமிட்டு நின்ற ‘பிரதிபா காவேரி’ என்ற எண்ணெய்க் கப்பல் பெசன்ட் நகர் அருகே தரைதட்டியது. உயிர்காப்புப் படகில் இறங்கியவர்களை அலை கவிழ்த்தது. மீனவர்கள் பலரைக் காப்பாற்றினார்கள். 6 பேர் போய்விட்டார்கள். புயலுக்கு முன்பே கப்பலில் சாப்பாட்டுக்கும் தண்ணீருக்கும் தட்டுப்பாடு, சம்பள பாக்கி என்று பிழைத்தவர்கள் சொன்னார்கள். கப்பலை நவம்பரில் மீட்டு இழுத்துச் சென்றார்கள்.

சர்வதேசப் போக்குவரத்துத் தொழிலாளர் சம்மேளனத்தின் கணக்குப்படி, 2024-ல் மட்டும் உலகம் முழுக்க 300-க்கும் அதிகமான கப்பல்களில் 3,000-க்கும் அதிகமான மாலுமிகள் இப்படிக் கைவிடப்பட்டார்கள். அதில் இந்தியர்களே அதிகம்.

தம்பிக்கு அனுப்ப வேண்டியவை

வாசகி தன் தம்பிக்கு மட்டுமல்ல, தெருவில் கப்பல் வேலைக்குப் போகும் எல்லாப் பிள்ளைகளுக்கும் இதை ஃபார்வர்டு செய்யலாம்.

ஒன்று: கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையில் 2017-லிருந்து நடைமுறையில் உள்ள விதிப்படி, ஊருக்குத் திருப்பி அனுப்பும் செலவை முதலாளி ஏற்காவிட்டால் மாலுமி கைவிடப்பட்டவர்தான். சாப்பாடு, தண்ணீர் போன்ற அவசியங்களைத் தராவிட்டாலும் அப்படியே. குறைந்தது 2 மாதச் சம்பளம் தராமல் தொடர்பை அறுத்துக்கொண்டாலும் அப்படியே. மூன்றில் ஒன்று நடந்தால் போதும். ஆறு மாதம் பொறுத்துப் பார்க்கத் தேவையில்லை.

இரண்டு: இதற்கான காப்பீட்டுச் சான்றிதழ் கப்பலில் எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டியிருக்க வேண்டும். 4 மாதம் வரையிலான சம்பள பாக்கியும், ஊர் திரும்பும் செலவும் அதில் அடக்கம். கப்பலில் ஏறிய முதல் நாளே அதைப் போனில் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

மூன்று: கப்பலிலிருந்து இறங்கிவிட்டாலும் சம்பள பாக்கி அழியாது. நம் நாட்டின் 2017-ஆம் வருட கடல்சார் உரிமைச் சட்டம், கப்பல் மீதான உரிமைகளில் மாலுமிகளின் சம்பளத்துக்கே முதலிடம் தருகிறது. உயர் நீதிமன்றம் கப்பலையே கைது செய்ய உத்தரவிடலாம். ஆம், கப்பலுக்கும் ‘அரெஸ்ட்’ என்றுதான் பெயர்! விற்று வரும் பணத்தில் இந்தக் கணக்கைத் தீர்ப்பார்கள்.

நான்கு: வேலை வாங்கித் தரும் ஏஜென்ட்டுக்கு மும்பையிலுள்ள கப்பல் போக்குவரத்து இயக்குநரகத்தின் ஆர்.பி.எஸ்.எல். உரிமம் இருக்கிறதா என்று முன்பணம் கேட்கும் முன்பே பாருங்கள். உரிமம் இருப்பவர் வேலைக்காக மாலுமியிடம் பணம் வாங்கக் கூடாது. கேட்டாலே உஷாராகிவிடுங்கள்.

டெரிலிக்ட் கப்பலுக்கு அடையாளம், திரும்ப வரும் எண்ணம் யாருக்கும் இல்லாதது. ஆள் இருக்கும் கப்பலில் அந்த எண்ணம் ஒவ்வொருவருக்கும் இருக்கிறது. அவர்கள் கப்பலுக்கு அல்ல, வீட்டுக்குத் திரும்ப நினைக்கிறார்கள்.

தம்பி நல்லபடியாக ஊர் வந்து சேரட்டும். அடுத்த வாரம், நம் கட்டுமரம் ‘கேட்டமரான்’ ஆன கதை.