ஜாதகப் பொருத்தமா? இரத்தப் பரிசோதனையா?

நமது நாட்டில் கலியாணம் பேச வேண்டுமானால் முதலில் எடுப்பது ஜாதகக் கட்டைத்தான். தினப் பொருத்தம், கணப் பொருத்தம், யோனிப் பொருத்தம், ரஜ்ஜுப் பொருத்தம் என்று பத்துப் பொருத்தம் பார்க்கிறார்கள். பெண்ணுக்குச் செவ்வாய் தோஷம் என்று ஜோசியர் சொல்லிவிட்டால் வருகிற இடமெல்லாம் தட்டிப் போகிறது. இவ்வளவும் எதற்காக என்றால், தம்பதிகள் நீடித்து வாழவும், பிள்ளைகள் நோய் நொடியில்லாமல் பிறக்கவும் என்கிறார்கள். நோக்கம் நல்லதுதான், அதை நாம் ஆட்சேபிக்கவில்லை. ஆனால் பிறக்கும் பிள்ளைக்கு நோய் வருமா வராதா என்பதைப் பற்றி இந்தப் பத்தில் ஒரு பொருத்தமாவது உண்மையாக ஏதாவது சொல்லியிருக்கிறதா என்றுதான் கேட்கிறோம்.

அதைச் சொல்லக்கூடிய இடம் வேறு இருக்கிறது. வேலூர் கிறிஸ்தவ வைத்தியக் கல்லூரி ஆஸ்பத்திரியில் இரத்த வியாதிகளுக்கென்றே ஒரு தனிப் பிரிவு உண்டு. மாணவர்களுக்குப் போதனை, நோயாளிகளுக்குச் சிகிச்சை, ஆராய்ச்சி ஆகிய மூன்றும் அங்கே நடக்கின்றன. வந்தவரை, "என்ன நட்சத்திரம், என்ன ராசி?" என்று அங்கே யாரும் கேட்பதில்லை. ஒரு துளி இரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தடவி, சாயமேற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்க்கிறார்கள். சிவப்பணு எத்தனை, அதன் பருமன் என்ன, வெள்ளணுவில் மாறுதல் உண்டா என்று கணக்கெடுக்கிறார்கள். தேவையானால் இடுப்பெலும்பில் ஊசியிட்டு, இரத்தம் உற்பத்தியாகும் மஜ்ஜையையே எடுத்துச் சோதிக்கிறார்கள். கெட்டுப்போன மஜ்ஜைக்குப் பதிலாக, பொருத்தமான மற்றொருவரின் மஜ்ஜையைச் செலுத்தும் சிகிச்சையை 1986-லேயே அங்கு ஆரம்பித்துவிட்டார்கள். காயம் பட்டால் இரத்தம் உறையாத ஹீமோபீலியா என்னும் வியாதியுள்ள 5 பேருக்கு, அவர்களுடைய சொந்த இரத்த மூல அணுக்களிலேயே சரியான மரபுக்கூறைச் சேர்த்துத் திரும்பச் செலுத்தியதில், இரத்தப்போக்கு நின்றுவிட்டதாக 2024-ல் உலகத்துக்கு அறிவித்தார்கள்.

"அது மிஷன் ஆஸ்பத்திரி ஆயிற்றே, அங்கேயும் ஜெபம் உண்டே!" என்று சிலர் சொல்லலாம். உண்டு, இருக்கட்டும். ஜெபம் செய்துவிட்டு மைக்ராஸ்கோப்பை மூடி வைத்துவிடவில்லை என்பதுதான் நாம் கவனிக்க வேண்டிய சங்கதி.

நிற்க, அந்தப் பிரிவுக்கு வருகிற வியாதிகளில் ஒன்றை மாத்திரம் இங்கே எடுத்துக்கொள்வோம். அதற்குத் தலசீமியா என்று பெயர். பிறந்தபோது நன்றாக இருக்கும் குழந்தை, ஒன்றிரண்டு வயதுக்குள் வெளுத்துச் சோர்ந்து போகிறது. அதன் உடம்பு போதுமான சிவப்பணுவை உண்டாக்குவதில்லை. சில வாரங்களுக்கு ஒருமுறை பிறத்தியார் இரத்தத்தை ஏற்றினால்தான் உயிர் நிற்கும். ஏற்றிக்கொண்டே போனாலோ, அந்த இரத்தத்திலுள்ள இரும்புச் சத்து இருதயத்திலும் ஈரலிலும் தேங்கி அவற்றைக் கெடுக்கிறது. அதை வெளியேற்ற வேறு மருந்து ஆயுள் முழுவதும் வேண்டும். மஜ்ஜை மாற்றினால் குணமாகலாம். ஆனால் கூடப் பிறந்தவர்களில் ஒருவருடைய மஜ்ஜை பொருந்துவது 4-ல் 1 பங்குதான். செலவோ ஏழைக் குடும்பம் தாங்கக்கூடியதன்று.

இந்தக் குழந்தை பிறந்தால் நம் ஊரில் என்ன சொல்லுகிறார்கள்? பூர்வஜென்ம பாபம் என்கிறார்கள். குலதெய்வக் குற்றம் என்கிறார்கள். கடைசியில் மருமகள் வந்த நேரம் என்று அவள் தலையில் கட்டுகிறார்கள். உண்மை என்னவென்றால், இந்த வியாதியின் கூறு தாய், தகப்பன் இருவரிடத்திலும் இருந்தால்தான் பிள்ளைக்கு வியாதி வருகிறது. ஒருவரிடம் மாத்திரம் இருந்தால் பிள்ளைக்கு இந்தக் கடும் வியாதி வருவதில்லை. இருவரிடமும் இருந்தால், ஒவ்வொரு பிரசவத்திலும் 4-ல் 1 பங்கு வியாதியுள்ள பிள்ளை பிறக்கலாம். கூறை வைத்திருப்பவர்களோ திடகாத்திரமாகவே இருப்பார்கள். வெளிப்பார்வைக்குத் தெரியாது, இரத்தத்தைச் சோதித்தால் தெரிந்துவிடும். பந்தலுக்கும் மேளத்துக்கும் ஆகும் செலவில் ஒரு சிறு பங்குகூட இதற்கு ஆகாது.

சைப்ரஸ் தீவில் இந்த வியாதி மிகுதியாக இருந்தது. அங்கே கலியாணத்துக்கு முன் இருவரும் இரத்தம் சோதித்துக்கொள்ளும்படி ஏற்பாடு செய்தார்கள். 1983 முதல் அந்நாட்டுக் கிறிஸ்தவ சபையே, சோதனை செய்துகொண்டதற்கு அத்தாட்சி கொண்டு வந்தால்தான் கலியாணம் செய்து வைப்பதென்று வைத்துக்கொண்டது. அதன் பிறகு அங்கே புதிதாக இவ்வியாதியுடன் குழந்தை பிறப்பது அருமையாகிவிட்டது. அங்கே பாதிரியார் ஆஸ்பத்திரிச் சீட்டைக் கேட்கிறார். இங்கே புரோகிதர் பஞ்சாங்கத்தைப் புரட்டுகிறார். எது புத்தியுள்ள காரியம் என்பதை வாசகர்களே யோசித்துப் பார்க்கட்டும்.

நம்மவர்களுக்கோ மற்றொரு வழக்கமும் இருக்கிறது. சொத்து வெளியே போகக்கூடாதென்று அக்காள் மகளையும் மாமன் மகளையும் கட்டிக்கொள்வதும், சாதிக்குள்ளேயே சுற்றிச் சுற்றிக் கொடுத்து வாங்குவதுமாக இருக்கிறோம். ஒரே பாட்டனுடைய குறை இரண்டு பக்கமாகவும் வந்து ஒரு பிள்ளையிடம் சேருவதற்கு இதைவிடச் சுலபமான வழி வேறில்லை. சொத்தைக் காப்பாற்றப் போய், அதை அனுபவிக்க வேண்டிய பிள்ளையை நோயாளியாக்கலாமா?

ஆனால் ஒரு எச்சரிக்கை. இந்தச் சோதனையைப் புதுச் செவ்வாய் தோஷமாக்கிவிடக் கூடாது. பெண்ணை மாத்திரம் சோதித்து, "கூறு இருக்கிறது" என்று தள்ளிவைக்கப் பார்ப்பார்கள். அது அயோக்கியத்தனம். கூறுள்ளவர் நோயாளியல்லர். கூறில்லாதவரைத் தாராளமாக மணக்கலாம். கூறுள்ள இருவரே மனமொப்பி மணந்தாலும், கருத்தரித்த மூன்று மாதத்தையொட்டியே கருவைச் சோதித்துத் தெரிந்துகொள்ள வழியுண்டு. சோதனை இருவருக்கும் வேண்டும். முடிவும் அவ்விருவருடையதாகவே இருக்க வேண்டும்.

ஆகவே, வேலூர் வரை வண்டிச் சத்தம் கொடுத்துப் போக முடியாதவர்களுக்கும் இது கிடைக்கும்படி, ஒவ்வொரு தாலுக்கா ஆஸ்பத்திரியிலும் இலவசமாகச் செய்ய வேண்டியது சர்க்காரின் கடமை. செய்துகொள்ள வேண்டியது வாலிபர்களின் கடமை. அடுத்த முறை வீட்டுப் பெரியவர்கள் ஜாதகத்தை எடுத்தால், "அதை உள்ளே வையுங்கள், முதலில் நாங்கள் இருவரும் போய் இரத்தம் சோதித்து வருகிறோம்" என்று சொல்லுகிற துணிவு அவர்களுக்கு வரவேண்டும் என்று வேண்டிக்கொள்கிறோம்.